பொட்டு வைத்த பிரேம்

குடிங்க அம்மிணி, குடிங்க. நான் பார்க்கறேன்னு பாட்டிலை மூடாதீங்க. பொம்பளையாளு ஒருத்தர் வண்டியில உக்கார்ந்துட்டு இப்படி மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சு நான் பார்த்ததே இல்லீங்க. அதான் கண்ணு அங்க போயிருச்சு. வயசானவன், தப்பா நெனைச்சுக்காதீங்க.

மதுரைக்கா போறீங்க? நல்லதுங்க. நான் மணியாச்சி வரைக்கும். அங்க மாப்பிள்ளை வந்து தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போவாரு. டிக்கெட்டெல்லாம் மகதான் போன்லயே போட்டு அனுப்பிட்டா. இல்லாட்டி நான் ரயில் ஏறுற ஆளா? இதுதான் முதல் தடவை. சிரிக்காதீங்க. முப்பது வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டினவன். ஈரோடு - கரூர் ரூட்டு. நாச்சிமுத்து வண்டி வந்துருச்சு, உலை வைடின்னு கொடுமுடிப் பக்கம் மாமியாருக சொல்லுவாங்க. அத்தனை கரெக்டா போவேன். அதைக் கெடுக்கறதுக்குன்னே இந்த ரயில்காரன் கேட்டைப் போட்டுருவான். நான் இந்தப் பக்கம் இஞ்சினை உறும விட்டுட்டு நிப்பேன், இவன் சாவகாசமா நீட்டி நெளிச்சுட்டுப் போவான். எனக்கு வாழ்க்கையில விரோதின்னா அது ரயில் ஒண்ணுதாங்க.

பையைக் கீழ வைக்கலாம்தான். வேண்டாங்க, மடியிலயே இருக்கட்டும். என்ற ஊட்டுக்காரி இதுக்குள்ளதான் இருக்கறா. பூவாத்தாள்னு பேரு. பயந்துக்காதீங்க, சாம்பலைச் சொம்புல போட்டுத் துணியால வேடு கட்டித்தான் வெச்சிருக்குது. கொடுமுடிக் காவேரியிலயே எல்லாம் கரைச்சாச்சு. மகதான், அம்மா கடலைப் பார்க்கோணும் பார்க்கோணும்னு சொல்லிட்டே இருந்தாங்க, ஒரு கைப்பிடி இங்க கொண்டு வாங்கப்பான்னா. அதான் கூட்டிட்டுப் போறேன்.

அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்ததுல இருந்து ஒரு தொந்தரவுங்க. சொல்றதுக்குக் கூச்சமா இருக்குது, நீங்க மக மாதிரி. அடக்க முடியாது. வந்துச்சுன்னா உடனே போகோணும். ஊட்டுல இருந்தா ஒண்ணுமில்ல. வெளிய கிளம்பினாத்தான் வெசனம். முதல் நாள் சாயங்காலத்துல இருந்தே தண்ணியை நிறுத்திருவா. நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேச்சுக் குழறும், ஒரு வாய் குடிக்க மாட்டா.

ஒருக்கா கரூர்ல ஒரு கல்யாணம். சீர்த்தட்டோட நாலஞ்சு பொம்பளைக என்ற வண்டியிலயே ஏறுனாங்க. இவளும் இருந்தா. பாதி வழியில கண்டக்டர் ரங்கசாமி என்ற காதுகிட்ட வந்து, அண்ணி சித்த நிறுத்தச் சொல்றாங்கண்ணான்னான். எப்படி நிறுத்தறது? பின்னாலயே பிரைவேட்காரன் ஒட்டிட்டு வர்றான். முன்னால கேட்டு போடற நேரம். அதுவுமில்லாம பொண்டாட்டின்னு தனியா நிறுத்தினா நாளைக்குப் பத்துப் பேர் பேசுவாங்க இல்லீங்களா? சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான். மிதிச்ச மிதியில டைமுக்கு முன்னாடியே கரூர் ஸ்டேண்டுல கொண்டு போய் நிறுத்திட்டேன். டைம் கீப்பரே எழுந்து வந்து, என்னய்யா நாச்சிமுத்து, பறந்து வந்தயான்னான். வண்டி காலியாகற வரைக்கும் இவ எழுந்திரிக்கல. எல்லாரும் போன பின்னால முந்தானையை இடுப்பைச் சுத்தி இழுத்துக் கட்டிட்டு இறங்கினா. ரங்கசாமி ஒரு வாளித் தண்ணி கொண்டாந்து சீட்டுல ஊத்தினான். அவ கல்யாணத்துக்குப் போகவே இல்ல. அதுல இருந்து பஸ்ஸுன்னு எதுலயும் கால் வைக்கலீங்க. ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. புரிஞ்சுக்கிட்டா. டிரைவர் பொண்டாட்டி இல்லீங்களா.

கார் வெச்சுக்கலாமேம்பீங்க. நடு ரோட்டுல காரை நிறுத்தினா அவ எங்க போவா? பெட்ரோல் பங்குல கேட்டா சாவி ஓனர்கிட்ட இருக்குதும்பான்.

மக சுகந்தியைத் தூத்துக்குடிக்குக் கட்டிக் குடுத்தமுங்களா, அவ போன வருஷம் அங்க வீடு கட்ட ஆரம்பிச்சா. தையில பால் காய்ச்சறதுன்னு நாள் குறிச்சாச்சு. பொறந்த ஊட்டுச் சீர் போகோணும். பெத்தவ இல்லாம எப்படி? அந்தப் புள்ளை என்ன பண்ணியிருந்தான்னா, அம்மாவுக்குன்னு கீழயே ஒரு ரூமு, ஒட்டினாப்புல பாத்ரூமு. இவளுக்கு அதைக் கேட்டதுல இருந்து இருப்புக் கொள்ளல. எங்க ஊட்டுக்குப் பின்னாலதான் இந்த ரயில் ரோடு. துணி காயப் போட்டுட்டே, ஏனுங்க, இதுல போலாமுங்களான்னா. எனக்கு வந்துச்சே கோவம்! நாச்சிமுத்து பொண்டாட்டி ரயில்ல போறாளாம்னு டிப்போவுல எவனாச்சும் கேட்டா நான் மூஞ்சியை எங்க கொண்டு போய் வைக்கறது? பேசாம இரு, உனக்கு நான் வண்டி கட்டறேன்னு சொன்னேன்.

ஆமாங்க, வண்டி. இவ தம்பி குமரேசன் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கறான். அவன் போன்ல ஒரு படம் காமிச்சான். வெள்ளைக்காரன் ஒருத்தன் கார் பின்னால ஒரு ஊட்டையே இழுத்துட்டுப் போறான். உள்ள கட்டில், அடுப்பு, மூலையில கக்கூசு. பார்த்ததும் எனக்குத் தோணிப்போச்சு. குமரேசன்கிட்ட பழைய ஜீப்பு இருக்குது. பழைய டிரெய்லர் பிரேம் ஒண்ணு எடுத்துட்டா மேல கட்டறது அவன் வேலை. இவகிட்ட சொன்னதும் முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. உள்ள பிடிச்சுக்க ஒரு கம்பி மட்டும் வெச்சுருங்க, வண்டி ஆடறப்ப விழுந்துருவேன்னா. அதுக்கென்ன, வெள்ளிக் கம்பியே வைக்கறேன்னேன்.

ஆடி முடிஞ்சதும் தேட ஆரம்பிச்சமுங்க. பழைய பிரேம் எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல அம்மிணி. கண்ணுக்குப் பளபளன்னு பெயிண்டு அடிச்சு நிறுத்தியிருப்பான். நம்பவே கூடாது. குனிஞ்சு அடியில பார்க்கோணும். மூலை ஜாயிண்டுல சாவியால சுரண்டிப் பார்க்கோணும். இரும்பைத் தட்டினா கணீர்னு கேக்கோணும், துரு தின்னிருந்தா சத்தம் அமுங்கிப் போயிரும். முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்து எழுந்தவன், என்னை ஏமாத்த முடியுங்களா?

முதல்ல பார்த்தது கரும்பு ஏத்துற டிராக்டர் டிரெய்லர். ஒரு கவுண்டர் தோட்டத்துல கிடந்துச்சு. இரும்பு ஒசத்திதான். ஆனா கமான் பட்டையே கிடையாது. அதான், குலுங்காம தாங்குமே, அந்த வில்லுப் பட்டை. அது இல்லாட்டி குடலைப் புடுங்கி வெளிய போட்டுரும். ஏற்கெனவே அடக்க முடியாதவளை அதுல ஏத்த முடியுங்களா? வேண்டாம்னுட்டேன். நான் செஞ்சது சரிதானுங்களே?

அடுத்தது ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் வண்டி. கமான் இருந்துச்சு, உசரம் குறைச்சல், ஏறி இறங்க லேசு. குமரேசன், இதை எடுத்துரலாம் மச்சான்னு குதிச்சான். நான் சுரண்டினேன். உள்ளாற மயிரிழையாட்டம் ஒரு விரிசல். பிளேட்டு வெச்சு வெல்டு அடிச்சுடறேன் மச்சான்னான். ஒட்டுப் போட்ட வண்டியில என்ற பொண்டாட்டி வரோணுமாடான்னேன். அவனுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

இப்படியே ஐப்பசி போச்சு, கார்த்திகை வந்துருச்சு. எங்கெங்கயோ போய் எதையெதையோ பார்த்தமுங்க. ஒண்ணுல ஆக்சில் தேய்ஞ்சிருக்கும், ஒண்ணு ஆளை அடிச்ச வண்டியா இருக்கும். சாயங்காலம் ஊட்டுக்கு வந்தா வாசல்லயே நிப்பா. அமைஞ்சுதுங்களான்னு கேக்க மாட்டா. என்ற முகத்தைப் பார்த்துட்டு உள்ள போய்ச் சோத்தைப் போடுவா.

காப்பி வேணுங்களா? அந்தப் பையன் போறான். எனக்கு வேண்டாம், நீங்க குடிங்க.

கார்த்திகைக் கடைசியில குமரேசன் ஒண்ணை நேரா பட்டறைக்கே இழுத்துட்டு வந்துட்டான். தண்ணி டேங்கர் வண்டி. டேங்க் ஓட்டையாகிக் கழட்டிப் போட்டுட்டான், பிரேம் மட்டும் இருக்குது. கமான் இருக்குது, கணீர்னு கேக்குது, துரு இல்ல. எனக்கே சந்தோசம். பட்டறை எங்க தெருவுலயே இருக்கறதால இவளும் நடந்து வந்தா. வந்தவ சும்மா வரல. மஞ்சளும் குங்குமமும் முந்தானையில முடிஞ்சு கொண்டாந்திருக்கறா. ஜீப்போட சேர்த்து ஊக்கு மாட்டற முன் கம்பி இருக்குது பாருங்க, அதுல மூணு பொட்டு வெச்சா. அப்புறம் அந்தப் பிரேம் மேல ஏறி உக்கார்ந்து, காலைத் தொங்க விட்டு ஆட்டிக்கிட்டு, ஏனுங்க, சன்னலு இந்தப் பக்கம் வெச்சா கடல் தெரியுமான்னா. பட்டறையில இருந்தவங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. இவளும் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சுங்க.

இறங்கு, நூல் பிடிக்கோணும்னேன். நூல்னா, இந்த மூலையில இருந்து எதிர் மூலைக்கு ஒண்ணு, அந்த மூலையில இருந்து இதுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே நீளமா வந்தா பிரேம் நேரா இருக்குதுன்னு அர்த்தம். வரல. ஒரு விரக்கடை வித்தியாசம். எங்கயோ இடிச்சுக் கோணியிருக்குது. நிமித்திடறேன்னான் குமரேசன். நிமித்தின இரும்பு ரோட்டுல மறுபடி கோணிக்கும்டான்னேன். மச்சான், தூத்துக்குடிக்கு ஒருக்கா போய்ட்டு வர்ற வண்டி, இது ஏரோப்ளேன் இல்லன்னு கத்தினான். அக்காளுக்கு இது போதும் மச்சான்னான். அவளும், எனக்கு இது போதுமுங்கன்னா. என்ன போதும்? டயரு ஒரு பக்கமாத் தேயும். நடு வழியில வெடிச்சா யாரு பதில் சொல்றது?

திருப்பி அனுப்பிருன்னுட்டேன். அப்பத்தான் இவ கிட்ட வந்து மெதுவா, பொட்டு வெச்சதைத் திருப்பி அனுப்பாதீங்க, பொண்ணு பார்த்துப் பூ வெச்சுட்டு வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்குதுன்னா. அதுவும் நியாயம்தான். அதனால அப்படியே அனுப்பல அம்மிணி. துணியில பெட்ரோலை நனைச்சு நானே சுத்தமாத் துடைச்சுட்டுத்தான் அனுப்பினேன். நாம வெச்ச பொட்டோட அடுத்தவனுக்குக் குடுக்கறது முறை இல்லீங்களே. துடைச்சு முடிச்சுத் திரும்பறேன், இவளைக் காணோம். ஊட்டுக்குப் போயிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் ஊட்டுக்குப் பின்னால நின்னுட்டிருந்தா. இதே நாகர்கோவில் ரயிலோ எதுவோ போச்சு. அதையே பார்த்துட்டு, இதுல கக்கூசு இருக்குதாமுங்கன்னா. நாறும், மூக்கைப் பிடிச்சுட்டுத்தான் போகோணும், குழாயில சொட்டுத் தண்ணி வராது, ஆடற ஆட்டத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி இருக்காதுன்னேன். நீங்க போயிருக்கீங்களாங்கறா. போய்த்தான் தெரியோணுமா, உலகமே சொல்லுதுன்னேன். அப்புறம் அவ ரயில் பேச்சே எடுக்கலீங்க. சொன்னாக் கேட்டுக்குவா, அந்தக் குணம் யாருக்கும் வராது.

தை வந்துருச்சு. வண்டி இல்ல. நான் மட்டும் பஸ்ஸுல சீரைத் தூக்கிட்டுப் போனேன். சேலை, குத்துவிளக்கு, பித்தளைக் குடம், அவ கையால சுட்ட முறுக்கு. தெரு முக்கு வரைக்கும் கூட வந்தா. பாலு பொங்கி எந்தப் பக்கம் வழியுதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்கன்னா. அங்க சம்பந்தியூட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து, சம்பந்தியம்மா வரலியான்னு கேட்டாங்க. பால் பொங்கறப்போ சுகந்தி அழுதா. அப்புறம் போன்ல படம் போட்டு அம்மாகிட்ட வீடு பூரா சுத்திக் காமிச்சா. ஹாலைப் பார்க்கல, மாடியைப் பார்க்கல, என்ற ரூமைக் காமி கண்ணுங்கறா. பாத்ரூமுக்குள்ள போனதும், குழாயைத் திருகிக் காமி கண்ணுன்னா. தண்ணி கொட்டறதைப் பார்த்துட்டு அங்க இருந்து அப்படிச் சிரிக்கறா. எல்லாம் இந்தக் குமரேசனாலதாங்க. காலாகாலத்துல ஒரு நல்ல பிரேமைக் காமிச்சிருந்தான்னா அவ அன்னைக்கு அங்க நின்னிருப்பா.

நான் விடல. மாசியில கோயமுத்தூர்ல நிஜாம் பாய் யார்டுல பார்த்தேன் பாருங்க! யாரோ ஐஸ்கிரீம் வண்டி கட்டறேன்னு செஞ்சு ஓட்டாமயே விட்டுட்டான். கமான் புதுசு, ஆக்சில் புதுசு. நூல் பிடிச்சேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நீளம். பாயே அசந்துட்டாரு, நீங்கதான் நூல் போட்டுப் பார்க்கற முதல் ஆளுன்னாரு. விலை பேசி முடிச்சு, அங்க நின்னுட்டே ஊட்டுக்குப் போன் போட்டேன், அமைஞ்சிருச்சு பூவான்னு சொல்றதுக்கு. எடுக்கல. மறுபடி போட்டேன். பக்கத்து ஊட்டுப் பொண்ணு எடுத்துச்சு. குளிர் காய்ச்சல்ல தூக்கித் தூக்கிப் போடுது, ஈரோட்டுக்குக் கொண்டு போயிட்டிருக்கோம், நேரா அங்க வாங்கன்னுச்சு.

சிறுநீர்ல கிருமியாம். கிட்னிக்குப் போயி ரத்தத்துலயும் கலந்துருச்சாம். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்களான்னு கேட்டுச்சு. அவளுக்குத் தாகமே எடுக்காதுங்கன்னு சொன்னேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. பழகிருச்சுங்க அம்மிணி, ஊட்டுல இருந்தாலும் அவ அப்படித்தான். நான் என்ன ஊத்தி ஊத்தியா குடுக்க முடியும்?

ஒருக்கா கண்ணைத் திறந்தா. பக்கத்துல குனிஞ்சு, பிரேம் கிடைச்சிருச்சு பூவா, நூல் அப்படியே ஒண்ணா நின்னுச்சுன்னேன். கேட்டா. உதடெல்லாம் வெடிச்சுப் போயிருந்துச்சு. பொட்டு வெச்சீங்களான்னா. நீ வந்துதான் வைக்கோணும்னேன். அதுக்கு மேல பேசலீங்க. பேசவே இல்ல.

பாய் சொன்ன வார்த்தைக்குப் பிரேமைக் கொண்டாந்து ஊட்டு முன்னால இறக்கிட்டுப் போயிட்டாரு. காரியத்துக்கு வந்தவங்கெல்லாம் சேர் பத்தாம அது மேலதான் வரிசையா உக்கார்ந்திருந்தாங்க. இன்னும் அங்கயேதான் நிக்குது. பொட்டு வைக்கல. யாரு வைக்கறது? அவளை எடுக்கற அன்னைக்குக் குமரேசன் வந்தான், அக்கா காலைப் பிடிச்சுட்டு அழுதான், என்ற மூஞ்சியைப் பார்க்காம போயிட்டான். இன்னைய வரைக்கும் பேச்சு இல்ல. நியாயமாப் பார்த்தா நான்தான் அவன் மேல கோவிக்கோணும். ஏன் பேச மாட்டேங்கறான்னு எனக்கு இன்னும் புரியலீங்க.

இது என்ன ஊரு? திண்டுக்கல்லா? அதுக்குள்ளயா! பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம்... சரி விடுங்க. ஓரளவுக்கு ஓட்டறான்.

ஏனுங்க அம்மிணி, அந்தக் கோடியில ஒரு கதவு இருக்குதே, இப்ப ஒரு பொம்பளை போய்ட்டு வந்தாங்களே, அதுதானுங்களா அது? இவ்வளவு கிட்டத்துலயா? நான் ஏதோ கடைசிப் பெட்டியில இருக்கும்னு நெனைச்சேன். தள்ளினா திறக்குமுங்களா? சித்த இருங்க, பார்த்துட்டு வர்றேன்.

பையையா? இல்லீங்க, எடுத்துட்டே போறேன். தெரியுமுங்க, இதைக் கொண்டுட்டு அங்கெல்லாம் போகக் கூடாதுன்னு. தெரியாமயா இருக்கும்? முறை தப்பி நான் எதையும் செஞ்சவன் இல்ல. ஆனா அவ பார்க்கோணும் இல்லீங்களா. வாசல்லயே நின்னுக்கறேன்.

...

தண்ணி வருதுங்க.

குழாயைத் திருகினேன், வருது. ரெண்டு தடவை திருகினேன். கழுவி விட்டிருக்கான், அப்படி ஒண்ணும் நாறல. உள்ள தாழ்ப்பாள் இருக்குது. அப்புறம் பக்கத்துச் செவுத்துல, கை எட்டற இடத்துல, கம்பி இருக்குது அம்மிணி. பிடிச்சுக்கறதுக்கு. நான் பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாத்தான் இருக்குது.

ஊட்டுக்குப் பின்னாலயே போச்சுங்க. தெனமும் போச்சு. எனக்கு ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதுங்களா? ஒரே ஒருத்தர்?

அழுகல, கண்ணுல தூசி... அழுகறேன்தான். விடுங்க, அழுதுட்டுப் போறேன்.

அந்தத் தண்ணியைச் சித்த குடுங்க அம்மிணி. காலையில கொடுமுடியில ஏறுனதுல இருந்து ஒரு வாய் குடிக்கல. அவளை வெச்சுக்கிட்டுக் குடிக்க மனசு வரல. இப்பக் குடிக்கறேன்.